காய்ச்சியிணைக்கப்படாத வான்

சண்டை மூண்டிருந்த அந்த வருஷம் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தடை, சைக்கிள் ரியூப்புக்குக்கூடத் தடை. வாகன உடற்சட்டத் தகுதிகாண் பணிமனைக்கு மட்டும் எவரும் தடை விதிக்கவில்லை. அது காலை எட்டரைக்குத் திறந்து மாலை நாலேகாலுக்குப் பூட்டி, ஒரு குறையுமில்லாமல் இயங்கிக்கொண்டிருந்தது. தடைசெய்யக்கூடப் பெறுமதியில்லாத பணிமனை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெறுமதியில்லாத ஒன்றால் ஒரு மனிதனை மூன்று கிழமை சோறு தண்ணி மறக்கச் செய்ய முடியாது.

அந்த மனிதன் பண்டத்தரிப்புப் பஞ்சலிங்கம். அவரிடம் ஒரு வான் இருந்தது. அவருடைய கலியாணத்துக்கும் மூத்த வான். விடிய ஐந்து மணிக்குப் பதினொரு பெண்களையும் அவர்களுடைய கத்தரிக்காய், பச்சைமிளகாய், புடலங்காய் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும். பத்து மணிக்கு வெறும் சாக்குகளோடும் ஊர்ப் புதினங்களோடும் திரும்பிவரும். ஓட்டம் மண்ணெண்ணெயில். சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றிக் கிளப்பிவிட்டால், பிறகு அது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு, பின்னால் சைக்கிளில் வருபவன் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு போகும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், மானிப்பாய் தாண்டும்போது, வானின் அடித்தகரம் கழன்று விழுந்தது. கத்தரிக்காய்க்கார நல்லம்மா பின்சீற்றில் இருந்தபடியே கொஞ்சத் தூரம் றோட்டில் நடந்துவந்தாள். "பஞ்சலிங்கம், நான் ஏறினது வானிலையோ, நடையிலையோ?" என்று அவள் கேட்ட பிறகுதான் அவர் பிறேக் பிடித்தார். பிறேக் பிடித்த வேகத்தில் இடதுபக்கத் தகரமும் போய்விட்டது.

இரும்புச் சட்டம் மட்டும் நல்ல நிலையில் இருந்தது. அதாவது எலும்பு பழுதில்லை, தோல்தான் இல்லை. புதுத் தகரம் வெட்டிச் சட்டத்தோடு வெல்டிங் பிடிக்கவேண்டும். கரண்ட் இல்லாமல் வெல்டிங் இல்லை. காஸில் பிடிப்பதென்றால் காபைட் வேண்டும், காபைட்டும் தடை. பஞ்சலிங்கம் நாலு வெல்டிங் கடைகளுக்குப் போனார். ஒன்றில் கோழி வளர்த்தார்கள். இன்னொன்றில் முதலாளி வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பூட்டியிருந்தது. நாலாவது கடைக்காரர்தான், குருநகரில் மக்டலீன் என்றொரு பெண் பைபர் வள்ளம் கட்டுகிறவள், அவளிடம் போய்ப் பாரும் என்று சொல்லிவிட்டார்.

மக்டலீனுக்கு முப்பத்திரண்டு வயது. தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு வள்ளத்துறையை அவள்தான் நடத்தினாள். கடலுக்குப் போவதே பாதி நாள் தடையாக இருந்ததில் புதுவள்ளம் கேட்டு எவரும் வரவில்லை. ஒரு பரல் ரெசினும் ஒரு கட்டுப் பைபர் பாயும் மூலையில் கிடந்தன. அவள் பஞ்சலிங்கத்தின் வானைச் சுற்றி ஒருதரம் நடந்தாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது வானில்லை. துருவுக்கு நாலு சில்லுப் பூட்டி ஓடித் திரிஞ்சிருக்கிறியள்."

பழைய தகரத்தையே அச்சாக வைத்து அடித்தளம், இரண்டு பக்கம், கூரை எல்லாம் பைபரில் வார்த்தாள். அது சுகமான வேலை. கஷ்டமான வேலை பைபரைச் சட்டத்தோடு சேர்ப்பது. இரும்பும் பைபரும் லேசில் ஒன்றையொன்று நம்பாது, நடுவில் ஒரு துளி எண்ணெய் நின்றாலும் ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடும் என்றாள். பஞ்சலிங்கத்தின் வானில் மண்ணெண்ணெய் படாத இடமென்று ஒன்று இல்லை. அவரை மூன்று நாள் அரத்தாளால் சட்டத்தைத் தேய்க்கவிட்டாள். இரும்பு வெள்ளியாக மின்னிய பிறகு, துடைப்பதற்கு வேறு மருந்து கிடைக்காதபடியால், மூன்று போத்தல் கசிப்புச் சாராயம் வாங்கித் துடைக்கவைத்தாள். துடைத்த நாளெல்லாம் பஞ்சலிங்கம் வீட்டில் நுழையும்போது மனைவி மீனாம்பிகை முற்றத்திலேயே மறித்து வாயை ஊதிக் காட்டச் சொன்னாள். வாயில் ஒன்றும் மணக்கவில்லை, சேட்டு மட்டும் மணத்தது. அது எப்படி என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு ரெசினில் நார்த்தூளைக் குழைத்துப் பசையாக்கி, மெல்லிசாகப் பூசி, நாலு விரல் அகலத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பைபரைச் சட்டத்தில் பதித்தாள். பசை தடித்தால் பலமில்லையாம். இறுகும்வரை அசையாதிருக்க நாற்பத்தாறு திருகாணி பூட்டி, ஒவ்வொன்றின் கீழும் பழைய ரியூப் துண்டு வைத்தாள். ஒரு முழுநாள் வெயிலில் விட்டாள். மறுநாள் ஒரு இரண்டு ரூபாய் நாணயக் குற்றியை எடுத்து, மூட்டு நெடுக அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தாள். பிடித்த இடம் ‘டிக்’ என்றது. பின்சில்லு ஒன்றின் அருகில் ஓரிடம் ‘டப்’ என்றது. உள்ளே காற்று. அதை வெட்டி எடுத்துத் திரும்பச் செய்யவேண்டும் என்றாள். ஒரு சாண்தானே, ஆருக்குத் தெரியப்போகுது என்று பஞ்சலிங்கம் கேட்டார்.

"வானுக்குத் தெரியும்" என்றாள் மக்டலீன்.

வான் நிமிர்ந்து நின்றது. பண்டத்தரிப்புப் பெண்கள் தட்டிப் பார்த்தார்கள், ஏறிக் குதித்துப் பார்த்தார்கள், நல்லம்மா காலால் மிதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். இனி மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு அட்டை. அட்டையைப் புதுப்பிக்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனபோது மனேச்சர் வானை எட்டிப் பார்த்துவிட்டு, உடல் மாறியிருக்கிறது, தகுதிச் சான்றிதழ் கொண்டுவாரும் என்றார். ஆவணி முப்பத்தொன்றுக்குள் கொண்டுவராவிட்டால் அட்டை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பட்டியலில் இருநூற்றுப் பதினாலு பேர். அப்படியென்றால் தனக்குத் திரும்ப எப்போது கிடைக்கும் என்று பஞ்சலிங்கம் கேட்டார். சமாதானம் வந்த பிறகு என்று மனேச்சர் சொன்னார். அட்டை போனால் வான் கோழிக்கூடு. பதினொரு பெண்களும் சைக்கிளில் மூட்டை கட்டிப் பன்னிரண்டு கட்டை தூரம் தள்ளவேண்டும். கத்தரிக்காய்க்கோ மூன்று நாளுக்குமேல் பொறுமை கிடையாது.

இப்படித்தான் பஞ்சலிங்கம் வாகன உடற்சட்டத் தகுதிகாண் பணிமனைக்கு வந்துசேர்ந்தார்.

பணிமனை ஒரு பழைய பங்களாவில் இருந்தது. முன்னால் இரண்டு தூண் வைத்த போட்டிக்கோ. உள்ளே மூன்று பேர். பணிப்பாளர் கனகரத்தினம், பிரதம லிகிதர் செபநாயகம், சுத்தியல் உதவியாளர் மார்க்கண்டு. பிரதம லிகிதருக்குக் கீழே வேறு லிகிதர் எவரும் இல்லை. ஆனாலும் அவர் பிரதமர்தான்.

சுத்தியல் ஒரு இரும்பு அலுமாரிக்குள் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றியிருந்தது. அலுமாரிக்கு இரண்டு திறப்பு, ஒன்று பணிப்பாளரிடம், மற்றது பிரதம லிகிதரிடம். இருவரும் ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். மார்க்கண்டு சுத்தியலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வருவார். பணிப்பாளர் வாகனத்தின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு அடி அடிப்பார், தலையைச் சரித்துக் கேட்பார், சத்தத்தைச் சொல்லுவார். பிரதம லிகிதர் படிவத்தில் எழுதுவார். படிவத்தில் மூன்று நிரல்: டாங், டிங், வேறு. டாங் என்றால் சித்தி. டிங் என்றால் திரும்ப வரவேண்டும். வேறு என்றால் கொழும்புக்கு எழுதவேண்டும். கொழும்புக் கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வரும், கப்பல் வந்தால்.

"நாங்கள் வாகனத்தைப் பாக்கிறதில்லை. கேக்கிறது" என்று கனகரத்தினம் விளக்கினார். "பாக்கிறதுக்கு எல்லாருக்கும் கண் இருக்கு. இந்த வலதுகாதுக்கு அறுபத்தேழாம் ஆண்டு கொழும்பிலை ஆறு கிழமை பயிற்சி தந்து, தரச் சான்றிதழும் தந்தவங்கள். இடதுகாதாலை கேட்டது செல்லாது."

பஞ்சலிங்கத்துக்கு முன்னால் இராசநாயகம் என்பவருடைய லொறி நின்றது. லொறியின் பெட்டி முழுவதும் துரு, ஓட்டைகளுக்கிடையில்தான் தகரம். பணிப்பாளர் அடித்தார். ஒரு கண்ணாடி விழுந்தது. "டாங்" என்றார். இரண்டாவது அடிக்கு ஒரு கதவு விழுந்தது. "நல்ல டாங்" என்றார். இராசநாயகம் சான்றிதழை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு லொறியைக் கிளப்பினார். லொறி படலையைத் தாண்டியது, பெட்டி தாண்டவில்லை. அது படலைக்குள்ளேயே இருந்துவிட்டது. பஞ்சலிங்கம் பதறிப்போய்ப் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் பதறவில்லை. படலைக்கு உள்ளே சித்தியடைந்த வாகனம் வெளியே போய் என்ன செய்கிறது என்பது இந்தப் பணிமனையின் விடயதானம் அல்ல என்றார்.

பிறகு பஞ்சலிங்கத்தின் வான்.

முதல் அடி. ‘தொக்’ என்றது. பணிப்பாளர் பக்கத்து மூட்டுக்குப் போனார். அதுவும் தொக். வலதுகாதைக் கிட்டக் கொண்டுபோய் அடித்தார். தொக். ஆத்திரம் வந்து ஓங்கி அடித்தார். பைபர் சுத்தியலைத் திருப்பி அனுப்பியது, அது போய் மார்க்கண்டுவின் காலில் விழுந்தது. மார்க்கண்டு ‘ஐயோ’ என்றார். செபநாயகம் அதை ‘வேறு’ என்ற நிரலில் எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்வி, காய்ச்சியிணைத்த மூட்டுகளின் மொத்த நீளம் எத்தனை அங்குலம்? சனங்கள் வெல்டிங் என்று சொல்வதைத்தான் பணிமனை காய்ச்சியிணைத்தல் என்று சொல்லும். வெல்டிங் ஒரு அங்குலமும் இல்லை, எல்லாம் ஒட்டினது என்று பஞ்சலிங்கம் உண்மையைச் சொன்னார். அரச பணிமனைக்கு உண்மையோடு போவது சாப்பாட்டுக் கடைக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு போவது மாதிரி. செபநாயகம் ‘பூச்சியம்’ என்று எழுதி, பூச்சியத்துக்குள் பேனையைச் சுழற்றிச் சுழற்றித் தடிப்பாக்கினார். பிறகு அறுபத்தோராம் ஆண்டுச் சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். காய்ச்சியிணைத்த நீளம் பூச்சியமாயின், உடலானது சட்டத்தோடு பொருந்தியிருப்பதாகக் கருதப்படலாகாது.

"ஆனபடியால் உம்மடை வானுக்கு உடல் இல்லை" என்றார்.

"அந்தா நிக்குதெல்லே ஐயா."

"அது பக்கத்திலை நிக்குது. பொருந்தி நிக்கேல்லை."

பஞ்சலிங்கம் வெளியே வந்து வானை நெடுநேரம் பார்த்தார். அன்றைக்கு ஆவணி ஒன்பது.

ஆவணி பதின்மூன்றுக்கு மக்டலீனையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள், பொறுமையை எங்கே விட்டாள் என்று தெரியவில்லை. ஆனாலும் மரியாதையாகத்தான் தொடங்கினாள். இரும்பை எப்படித் தேய்த்தது, பசையை ஏன் மெல்லிசாகப் பூசியது, வெல்டிங் ஓரிடத்தில் மட்டும் பிடிக்கும், இது நாலு விரல் அகலத்துக்கும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், தட்டிப் பார்க்கச் சுத்தியல் வேண்டாம், இரண்டு ரூபாய்க் குற்றி போதும் என்றெல்லாம் சொன்னாள். கனகரத்தினம் மிகக் கவனமாகக் கேட்டார், ஆனால் இடதுகாதால். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பைபர் சாதாரணமாக எதற்குப் பாவிக்கிற சாமான்?

வள்ளம் கட்ட என்று மக்டலீன் சொல்லிவிட்டாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான்.

பணிப்பாளரின் முகம் தெளிந்தது. ஐந்து நாளாக இந்த வானை என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் பாவம் தவித்துக்கொண்டுதான் இருந்தார். "அதுதானே பாத்தன், ஏன் தொக் எண்டுது எண்டு. இது வள்ளம். வள்ளம் எங்கடை பகுதியில்லை. இது வள்ளமல்ல எண்டு கடற்றொழிலாளர் சங்கத்திட்டை ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வந்தால்தான் நாங்கள் இதை வாகனமெண்டு நிராகரிக்கலாம்."

"வாகனமெண்டு நிராகரிக்கிறதுக்கோ?" என்றாள் மக்டலீன்.

"ஓம். இப்ப அதுக்கும் வழியில்லாமல் நிக்குது."

குருநகர்க் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் யாகப்பு நேர்மையான மனிதர். பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். வள்ளமா இல்லையா என்று சொல்வதென்றால் தண்ணியில் இறக்கித்தான் சொல்லலாம் என்றுவிட்டார். பன்னிரண்டு பேர் ‘ஏலேலோ’ போட்டுத் தள்ளி வானைக் கடலில் இறக்கினார்கள். பஞ்சலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்தார். சிவசிவா என்றார், பிறகு இடம் பார்த்து மாதாவே என்றும் சொன்னார். வான் மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே வரவில்லை. கரையில் நின்ற சனம் வாயைப் பிளந்தது. சங்கத்துக்கு விற்கிற எண்ணம் உண்டா என்று ஒருவர் கேட்டார். இதற்குள் மேலே ஹெலிகொப்ரர்ச் சத்தம் கேட்டது. கடலில் ஒரு வான் நிற்பதை மேலே இருந்து பார்ப்பவன் என்ன நினைப்பான் என்று எவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. இறக்கியதைவிட வேகமாக இழுத்துக் கரையேற்றினார்கள்.

யாகப்பு கடிதம் எழுதினார்: ‘மேற்படி பொருள் எங்கள் வள்ளங்களைவிட நன்றாக மிதக்கிறது. ஆனால் அணியம் இல்லை, சுக்கான் இல்லை, மீன் வைக்க இடமில்லை, ஹோண் இருக்கிறது. ஆகவே இது வள்ளமல்ல.’ கீழால் எஞ்சினுக்குள் போன உப்புத்தண்ணி காய நாலு நாள் போனது. மீனாம்பிகை மருந்து குடிக்கிற மாதிரி, இன்றைக்கு என்ன திகதி என்று காலையும் மாலையும் கேட்கத் தொடங்கியிருந்தாள். பண்டத்தரிப்பில் நல்லம்மாவின் கத்தரிக்காயை இரண்டு மாடுகள் தின்றுகொண்டிருந்தன.

வள்ளமல்ல என்ற கடிதத்தைச் செபநாயகம் இரண்டு தரம் வாசித்துக் கடிதக் கோவையில் போட்டார். பிறகு அறுபத்தோராம் ஆண்டுச் சுற்றறிக்கையின் மறுபக்கத்தைத் திருப்பினார். பொருந்தாத உடலும் சட்டமும் தனித்தனியே, இரண்டு வரிசையில், இரண்டு படிவத்தோடு சமர்ப்பிக்கப்படவேண்டும்.

"கழட்டிக்கொண்டு வாரும்" என்றார். "பொருந்தாத ஒண்டைக் கழட்டுறது பெரிய வேலையோ?"

கூட வந்திருந்த மக்டலீன் எழுந்தாள். வெளியே போனாள். நாற்பத்தாறு ஆணியையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒரு தகரப் பேணியில் போட்டுக் கொண்டுவந்து பிரதம லிகிதரின் மேசையில் வைத்தாள். இப்போது பசையைத் தவிர வேறொன்றும் பிடித்திருக்கவில்லை. "நான் கழட்டக்கூடினது இவ்வளவும்தான். மிச்சத்தை நீங்கள் கழட்டுங்கோ" என்றாள்.

மார்க்கண்டு தள்ளிப் பார்த்தார். பஞ்சலிங்கமே, தன் வானுக்கு எதிராக, கூட நின்று தள்ளிப் பார்த்தார். அலவாங்கு போட்டு நெம்பினார்கள், அலவாங்கு வளைந்தது. செபநாயகம் மூன்று நினைவூட்டற் கடிதம் எழுதிப் பார்த்தார். உடல் அசையவில்லை. ஆவணி இருபத்தெட்டு வந்துவிட்டது.

அன்றைக்கு இராசநாயகம், விட்டுப்போன பெட்டியை எடுத்துப் போக லொறியோடு வந்தார். கனகரத்தினத்துக்கு ஒரு யோசனை உதித்தது. வானின் உடலைச் சுற்றி வள்ளக்கயிறு கட்டி அதன் மறுநுனியைப் போட்டிக்கோத் தூணில் கட்டவேண்டும். சட்டத்தைச் சங்கிலியால் லொறியில் கட்டவேண்டும். லொறி இழுக்க, உடல் இங்கே நிற்கும், சட்டம் அங்கே போகும், சுற்றறிக்கை நிறைவேறும். மக்டலீன் தூணைப் பார்த்தாள். இழுக்க வேண்டாம், தூண் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கிறது, மூட்டு நிற்கும் தூண் நிற்காது என்று நிதானமாகச் சொன்னாள். அவளுக்குத் தராதரம் இல்லை என்று அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

இழுப்பதற்கு முன் பணிப்பாளர் சில வார்த்தைகள் பேசினார். கேட்பதற்கு ஐந்து பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் லொறிக்குள்.

"இந்தப் பணிமனை தொடங்கி இருபத்தேழு வருடம். இந்த இருபத்தேழு வருடத்திலை எங்கடை சான்றிதழ் இல்லாத ஒரு வாகனம்கூட விபத்திலை சிக்கினதில்லை. விபத்திலை சிக்கின அவ்வளவும் எங்கடை சான்றிதழ் பெற்றவை. இது லேசான சாதனை இல்லை. கரண்ட் இல்லாத காலத்திலை வெல்டிங் கேக்கிறியளே எண்டு சிலர் கேக்கினம். கரண்ட் இருந்த காலத்திலையும் நாங்கள் அதைத்தான் கேட்டனாங்கள். காலத்துக்கேற்ப மாறுறது சனம். காலம் எப்பிடி மாறினாலும் மாறாமல் இருக்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்."

மார்க்கண்டு மட்டும் கைதட்டினார். இராசநாயகம் லொறியைக் கிளப்பினார்.

கயிறு விறைத்தது. சங்கிலி விறைத்தது. வான் ஒருதரம் முனகியது. பஞ்சலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெரிய சத்தம். அந்தச் சத்தத்தைப் பணிமனையினர் குண்டு என்றே எடுத்துக்கொண்டு, தர வரிசைப்படி வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார்கள். முதலில் சுத்தியல், பிறகு பணிப்பாளர், பிறகு பிரதம லிகிதர். மார்க்கண்டு சுத்தியலைக் கொடுத்துவிட்டுத் தன் முறைக்குக் காத்து நின்றார்.

புழுதி அடங்கியபோது லொறி றோட்டில் நின்றது. அதன் பின்னால் வான், முழுதாக, உடலும் சட்டமுமாக. வானின் பின்னால் கயிறு. கயிற்றின் முனையில் தூண். தூணோடு போட்டிக்கோவும், போட்டிக்கோவோடு பங்களாக் கூரையும் வந்து, ஓடுகள் படலைவரைக்கும் வரிசையாகக் கிடந்தன.

மக்டலீன் ரூபாய்க் குற்றியை எடுத்தாள். மூட்டு நெடுகத் தட்டிக்கொண்டு போனாள். டிக், டிக், டிக் என்றது. பங்கர் வாசலில் குனிந்து, "ஐயா, இப்ப பொருந்தியிருக்கோ?" என்று கேட்டாள்.

பணிப்பாளர் பங்கருக்குள் இருந்தபடியே அறிக்கை சொன்னார், பிரதம லிகிதர் எழுதினார். ‘பரிசோதனையின்போது, பணிமனைத் தூணானது பணிமனைக் கட்டடத்தோடு காய்ச்சியிணைக்கப்படாத நிலையில் நீண்டகாலம் இருந்துவந்தமை கண்டறியப்பட்டது. வானைப் பற்றிய முடிவு பின்னர்.’

வானை வளவுக்குள் திரும்பத் தள்ளி நிறுத்தியதும், அன்று பின்னேரம் மழை தொடங்கியது. இருபத்தேழு வருடத்துக் கோவைகள் நனைந்தன. கூரை உள்ள இடம் அந்த வளவில் ஒன்றே ஒன்றுதான். செபநாயகமும் மார்க்கண்டுவும் கோவைகளை ஓடி ஓடி வானுக்குள் அடுக்கினார்கள். பிறகு மேசை. பிறகு தட்டச்சு. மறுநாள் காலை எட்டரைக்குப் பஞ்சலிங்கம் வந்து பார்த்தபோது முன்சீற்றில் பணிப்பாளர் இருந்தார். நடுச்சீற்றில் பிரதம லிகிதர். பின்னால் மார்க்கண்டு, மடியில் சுத்தியல். வானின் பக்கத்தில் ஒரு பலகை தொங்கியது: வாகன உடற்சட்டத் தகுதிகாண் பணிமனை. அனுமதியின்றி உட்பிரவேசித்தல் ஆகாது.

பஞ்சலிங்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. சான்றிதழ் கேட்டு வந்தவருக்கு வானும் போய்விட்டது. இரண்டு நாள் அந்த வளவைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆவணி முப்பத்தொன்று காலையில் மக்டலீன், செபநாயகத்திடம் ஒரு சந்தேகம் கேட்டாள். சான்றிதழ் இல்லாத வானுக்குள் பணிமனை நடத்தலாமா?

செபநாயகத்துக்குக் கோபம் வந்தது. அரச பணிமனைக்குச் சான்றிதழ் தேவையில்லை என்றார். தகுதியில்லாத இடத்தில் பணிமனை இயங்காது, பணிமனை இயங்குகிறபடியால் இடம் தகுதியானது, விதி பன்னிரண்டு. மண்ணெண்ணெய்? பணிமனை விளக்குக்கு மாதம் நாற்பது லீற்றர், சங்கக்கடையில், அட்டை இல்லாமலே, விதி பதினாலு. வாகன அட்டைக்கு அதில் பாதிகூடக் கிடையாது.

பஞ்சலிங்கம் அழுகையை நிறுத்தினார். மூன்று கிழமையாக அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குத்தான் பணிமனை எப்படி யோசிக்கும் என்பது ஒரு நூல் அளவுக்குப் பிடிபட்டது.

"ஐயா, சனம் வந்து போக வசதியான இடத்திலை பணிமனை இருக்கவேணும் எண்டு ஒரு விதி இல்லையோ?"

செபநாயகம் புரட்டினார். இருந்தது. விதி மூன்று. இருபத்தேழு வருடமாக எவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"சனம் கூடுறது திருநெல்வேலிச் சந்தையிலை ஐயா. பத்து மணிக்குப் பிறகு பண்டத்தரிப்பிலை. நான் பணிமனையை நேரத்துக்கு அங்கை கொண்டுபோய் விடுறன்."

பணிப்பாளர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. "எழுத்திலை தாரும்" என்றார்.

புரட்டாதி முதலாம் திகதி விடிய ஐந்து மணிக்குப் பணிமனை பண்டத்தரிப்பில் இருந்து புறப்பட்டது. உட்பிரவேசித்தல் ஆகாது என்ற பலகையின் கீழால் பதினொரு பெண்கள் உட்பிரவேசித்தார்கள். தட்டச்சின்மேல் புடலங்காய் படுத்தது. அறுபத்தோராம் ஆண்டுச் சுற்றறிக்கைகளுக்குமேல் பச்சைமிளகாய் மூட்டை. புதுக் கட்டடத்துக்கான மதிப்பீடு கப்பலில் கொழும்புக்குப் போயிருக்கிறது, பதில் வந்தவுடன் இறங்கிவிடுவோம் என்று செபநாயகம் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பஞ்சலிங்கத்தின் வானைப் பற்றிய முடிவு அந்தப் பதிலுக்குப் பிறகு எடுக்கப்படும். மக்டலீன் கொண்டுவந்து கொடுத்த நாற்பத்தாறு ஆணிகளுக்கும் அவர் பற்றுச்சீட்டு எழுதிவைத்திருந்தார், ஆணிகளைத் திருப்பிக் கொடுக்கிற விதிதான் அகப்படவில்லை. ஆணி இல்லாமலே வான் சாதாரணமாக ஓடியது.

ஆனைக்கோட்டைத் திருப்பத்தில் நல்லம்மா குனிந்து எதையோ தேடினாள். பிறகு முன்சீற்றுக்காரரின் தோளில் தட்டினாள்.

"ஐயா, ஒருக்கால் எழும்புங்கோ. நீங்கள் இருக்கிறது என்ரை கத்தரிக்காய்க்கு மேலை."

பணிப்பாளர் கனகரத்தினம் எழுந்தார். ஒரு விண்ணப்பத்துக்கு, அது கிடைத்த அன்றைக்கே, படிவம் இல்லாமல் அந்தப் பணிமனை நடவடிக்கை எடுத்தது அதுதான் முதல் தடவை.